டெவலப்மென்ட் டிங்கியா, ஒன்-டிசைன் டிங்கியா? சேலத்துக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

சேலத்தில் கடல் இல்லை. ஆனாலும் பாய்ப்படகு ரேஸில் ஆசை வைத்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். சென்னையில் வேலை பார்த்த நாட்களில் துறைமுகத்தில் ஓட்டிப் பழகியவர்கள், மேட்டூர்த் தண்ணீரைப் பார்த்துப் பார்த்து ஏங்குகிறவர்கள், பிள்ளையை இந்த விளையாட்டில் சேர்க்க நினைக்கும் பெற்றோர். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். டிங்கி என்று நான் சொல்வது, ஒருவரோ இருவரோ ஓட்டுகிற, அடியில் ஈயக் கனம் இல்லாத, கவிழ்ந்தால் நிமிர்த்தி ஏறிக்கொண்டு மறுபடி ஓட்டக்கூடிய சின்னப் பாய்ப்படகு.

இரண்டு வகைக்கும் என்னதான் வித்தியாசம்?

ஒன்-டிசைன் வகுப்பில் எல்லாப் படகும் ஒரே அச்சு. ஹல் என்கிற படகு உடலின் வடிவம், எடை, மாஸ்ட் என்கிற பாய்மரம், பாய், சுக்கான் எல்லாம் விதிப்படிதான். அந்த விதிப்புத்தகத்தில் செய்யலாம் என்று எழுதியிருப்பதை மட்டும்தான் செய்யலாம். எழுதாததைச் செய்தால் தப்பு. ஐஎல்சிஏ படகில் எந்தக் கயிறு எந்தக் கப்பி வழியாகப் போகலாம் என்பது வரைக்கும் எழுதியிருப்பார்கள். ஐஎல்சிஏ என்பது நாம் லேசர் என்று சொல்லிப் பழகிய அதே படகு. 2019-இல் பெயர் மாறியது.

டெவலப்மென்ட் வகுப்பில் இது தலைகீழ். சில எல்லைகளை மட்டும் போட்டுவிட்டு மீதியை உங்கள் கையில் விட்டுவிடுவார்கள். கூடாது என்று எழுதாத எதையும் செய்யலாம். இன்டர்நேஷனல் மோத் படகுக்கு நீளம் 3.355 மீட்டரைத் தாண்டக் கூடாது, அகலம் 2.25 மீட்டரைத் தாண்டக் கூடாது, பாயின் பரப்பளவுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. எடைக்குக் கீழ்வரம்பே கிடையாது. இந்த எல்லைக்குள் நீங்கள் எதைக் கட்டிக்கொண்டு வந்தாலும் அது மோத்தான்.

நடுவில் நிற்பவையும் உண்டு. ஸ்வீடனின் ரிக்கார்ட் சார்பி 1949-இல் வரைந்த ஃபின் படகின் ஹல் வடிவம் கட்டுப்பட்டது, ஆனால் அவரவர் உடம்புக்கும் பாய்க்கும் ஏற்ற வளைவுள்ள மாஸ்ட்டைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். 1952-லிருந்து டோக்கியோ வரை அது ஒலிம்பிக்கில் ஓடியது.

எது வேகம்?

டெவலப்மென்ட். அதில் வாதமே இல்லை. ஐஎல்சிஏ தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும்போது ஐந்து நாட் (மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர்) பக்கம் முட்டி நிற்கும். காற்று ஏறி, ஹல் தண்ணீர் மேல் வழுக்க ஆரம்பித்தால்தான் அதைத் தாண்டும். மோத் இப்போது தண்ணீருக்கடியில் வைத்த இறக்கையால் மேலே எழுந்து பறக்கிறது, 30 நாட்டைத் தாண்டியிருக்கிறது. அதாவது மணிக்கு 55 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் ரேஸில் கேட்க வேண்டியது வேறு: பக்கத்துப் படகைவிட நான் எவ்வளவு வேகம், அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

ஒரே மாதிரிப் படகுதான் ஓட வேண்டும் என்று யார் முதலில் நினைத்தார்கள்?

அயர்லாந்தில், டப்ளின் பக்கம். 1887-இல் வாட்டர் வாக் என்ற வகுப்பைத் தொடங்கினார்கள். அதற்கு முன் பணக்காரர் ஆண்டுக்கொரு புதுப்படகு கட்டி ஜெயிப்பார், போன வருஷப் படகு வைத்திருப்பவர் பின்னால் வருவார். எல்லோருக்கும் ஒரே படகு என்று வைத்தால் காசு ஜெயிக்காது, ஓட்டுகிறவர் ஜெயிப்பார் என்பதே யோசனை. வாட்டர் வாக் வகுப்பு இன்றும் ஓடுகிறது. நூறு வருஷத்துக்கு மேல் ஒரு யோசனை பிழைத்திருந்தால் அதில் ஏதோ நியாயம் இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் டெவலப்மென்ட் வகுப்பே எதற்கு?

இந்தக் கேள்வியைச் சிலர் கொஞ்சம் அலட்சியமாகக் கேட்கிறார்கள், அது எனக்கு வருத்தம். இன்று ஒன்-டிசைன் படகில் நாம் சாதாரணமாக அனுபவிக்கும் பல விஷயங்கள் டெவலப்மென்ட் வகுப்பில் யாரோ பிடிவாதமாகச் செய்து பார்த்ததால் வந்தவை.

1928-இல் இங்கிலாந்தில் உஃபா ஃபாக்ஸ் ‘அவெஞ்சர்’ என்ற 14 அடிப் படகைக் கட்டினார். அதுவரை டிங்கி என்றால் தண்ணீரை விலக்கிக்கொண்டு போவது. அவர் முன்பகுதியை வி வடிவில் வெட்டி, பின்பகுதியைத் தட்டையாக்கினார். நல்ல காற்று வந்ததும் படகு தண்ணீர் மேல் எழுந்து வழுக்கியது. அந்த ஆண்டு 57 ரேஸில் 52-இல் முதலிடம். இன்று ஐஎல்சிஏ காற்றோடு சறுக்கும்போது நாம் போடும் கூச்சலுக்குப் பின்னால் அந்தப் படகு இருக்கிறது.

அதே 14 அடி வகுப்பில் 1938-இல் இன்னொன்று நடந்தது. பீட்டர் ஸ்காட்டும் ஜான் விண்டரும் ‘தண்டர் அண்ட் லைட்னிங்’ படகில் மாஸ்ட்டிலிருந்து ஒரு கம்பியைத் தொங்கவிட்டு, அதில் இடுப்பைக் கோத்துக்கொண்டு, படகுக்கு வெளியே உடம்பு முழுவதையும் நீட்டி நின்றார்கள். டிரபீஸ் என்று இன்று சொல்வது அதைத்தான். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கோப்பையை ஜெயித்தார்கள், உடனே அதைத் தடை செய்துவிட்டார்கள்! அந்த வகுப்பில் மறுபடி அனுமதி கிடைக்க முப்பது வருஷம் ஆனது. இன்று 470, 49இஆர் போன்ற ஒன்-டிசைன் படகுகளை டிரபீஸ் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியுமா? இந்தியாவின் கே.சி. கணபதியும் வருண் தக்கரும் 2018 ஆசிய விளையாட்டில் 49இஆர் படகில் வெண்கலம் வாங்கியதும் அந்தக் கம்பியில் தொங்கித்தான்.

மோத்தின் கதை இன்னும் அழகு. 1928-இல் ஆஸ்திரேலியாவின் இன்வர்லாக்கில் லென் மோரிஸ் தனக்காக ஒரு பெட்டிப் படகு கட்டினார். அந்த வேரிலிருந்து வளர்ந்த வகுப்பில் ஆளாளுக்கு ஒன்று செய்து பார்த்து, கடைசியில் தண்ணீருக்கடியில் இறக்கை வைத்தார்கள். 2005-இல் ரோஹன் வீல் இறக்கைப் படகில் உலகப் பட்டம் வென்றார். பிறகு பெரிய பெரிய படகெல்லாம் பறக்க ஆரம்பித்தன. டோக்கியோ ஒலிம்பிக்கின் நாக்ரா 17 என்ற இரட்டை ஹல் படகு வரை அது வந்து சேர்ந்தது. போகிற வழியில் இதே மோத் குடும்பத்திலிருந்து ஒரு வடிவத்தை மட்டும் பிரித்து நிறுத்தி, அதை ஐரோப்பா என்ற ஒன்-டிசைனாக்கினார்கள். 1992 முதல் 2004 வரை பெண்கள் ஒலிம்பிக்கில் ஓட்டியது அதைத்தான்.

சரி, சேலத்தில் இருக்கிற நான் எதை எடுப்பது?

ஒன்-டிசைன். அதிலும் ஐஎல்சிஏ. என் மனசு டெவலப்மென்ட் பக்கம் சாய்ந்தாலும் பதில் இதுதான்.

காரணம் படகில் இல்லை, கூட்டத்தில் இருக்கிறது. டெவலப்மென்ட் வகுப்பின் உயிரே, பக்கத்தில் இன்னொருவர் வேறு மாதிரி செய்திருப்பதுதான். அவர் சென்டர்போர்டை (படகின் நடுவில் தண்ணீருக்குள் இறங்கும் பலகை) ஏன் மெல்லியதாக்கினார், உங்கள் படகு காற்றை எதிர்த்துப் போகும்போது ஏன் பிந்துகிறது என்று ஞாயிறு மாலை கரையில் உட்கார்ந்து பேசினால்தான் அது வளரும். ஒரே ஒரு மோத் வைத்துக்கொண்டு சேலத்தில் என்ன செய்வீர்கள்? வேகமாகப் போகும், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் செய்த மாற்றம் நல்லதா கெட்டதா என்று சொல்ல எதிரில் ஆள் இல்லை.

நம் நாட்டு ரெகாட்டாக்களில், அதாவது பாய்ப்படகுப் போட்டிகளில், வரிசையாக நிற்பவை ஆப்டிமிஸ்ட், ஐஎல்சிஏ, 420, 470, 29இஆர். எல்லாமே ஒன்-டிசைன். சேலத்திலிருந்து சென்னை ஏறக்குறைய 350 கிலோமீட்டர். அங்கே துறைமுகத்துக்குள் 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பும் தமிழ்நாடு செய்லிங் அசோசியேஷனும் இருக்கின்றன. ஹைதராபாத் உசேன் சாகரில் மழைக்காலத்தில் லேசர் ரேஸ் நடக்கும். அங்கெல்லாம் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு தொப்பூர் கணவாய் ஏறி இறங்க வேண்டியதில்லை. வாடகைக்கோ கடனுக்கோ கிடைக்கிற ஐஎல்சிஏவில் ஏறி உட்கார்ந்தால், நீங்கள் பழகிய அதே படகு அது. பையில் கையுறை, படகுக்கு வெளியே சாய்ந்து உட்காரப் போடும் ஹைக்கிங் பேன்ட், லைஃப் ஜாக்கெட், சுக்கான் பிடியோடு சேரும் நீட்டுக்கோலான உங்கள் டில்லர் எக்ஸ்டென்ஷன், அவ்வளவுதான். ஒலிம்பிக்கிலேயே ஐஎல்சிஏ படகைப் போட்டி நடத்துகிறவர்கள்தான் தருகிறார்கள். நேத்ரா குமணனும் விஷ்ணு சரவணனும் டோக்கியோவிலும் பாரிஸிலும் அப்படிக் கொடுத்த படகில்தான் ஓடினார்கள். விஷ்ணு வேலூர்க்காரர், அங்கேயும் கடல் இல்லை.

மேட்டூர் அணை இருக்கிறதே, அங்கே ஓட்டலாமா?

எல்லோரும் கேட்பது, நானும் ஆசைப்படுவது. 1934-இல் கட்டி முடித்த ஸ்டான்லி நீர்த்தேக்கம். முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று அந்த அகலத் தண்ணீரில் விழும்போது பார்த்தால் யாருக்கும் பாய் விரிக்கத் தோன்றும். ஆனால் நீர்வளத் துறையின் அனுமதி எழுத்தில் இல்லாமல் ஒரு கயிற்றைக்கூட நனைக்காதீர்கள். அணைச்சுவரையும் மதகுகளையும் நெருங்கும் பேச்சே வேண்டாம்.

அனுமதி கிடைத்தாலும் எந்தப் படகு என்ற கேள்விக்கு அந்தத் தண்ணீரே பதில் சொல்லும். மட்டம் ஒரு சீசனுக்குள் பல பத்து அடி ஏறி இறங்கும். தண்ணீர் குறையும்போது பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய சர்ச் கோபுரமும் வெளியே வருவதைப் பார்த்திருப்பீர்கள். அவை தெரிகிறபோது ஆபத்து இல்லை. மட்டம் கொஞ்சம் ஏறி, அந்த மாதிரி ஒரு கல்லோ சுவரோ தண்ணீருக்கு அரை மீட்டர் கீழே ஒளிந்து நிற்கிற நாட்கள்தான் ஆபத்து. போதாததற்குப் பரிசல்காரர்களின் மீன்வலைகள். ஐஎல்சிஏவின் சென்டர்போர்ட் இடித்தால் மேலே தூக்கிக்கொள்ளலாம். சுக்கானும் மேலே மடியக்கூடியது. மோத்தின் இறக்கை தண்ணீருக்குள் ஒரு மீட்டர் ஆழத்தில் கத்தி மாதிரி நிற்கும். 20 நாட்டில் அது கல்லில் மோதினால் இறக்கையும் போகும், ஓட்டுகிறவரும் முன்னால் பறப்பார். வலை அவர்கள் பிழைப்பு என்பதையும் மறக்கக் கூடாது. எந்தப் பக்கம் வலை போட்டிருக்கிறார்கள் என்று காலையிலேயே பரிசல்காரர்களிடம் கேட்டுவிட்டு இறங்குவதுதான் மரியாதை.

ஏற்காடு ஏரியில்?

துடுப்புப் படகும் பெடல் படகும் சுற்றுலாப் பயணிகளோடு நெருக்கியடிக்கும் சின்ன ஏரி அது. டிங்கி ரேஸுக்கு இடமில்லை. சுற்றிலும் மேடும் மரமும் என்பதால் காற்று ஒரு திசையில் நிற்காது. இன்னொன்று, மலை மேல் காற்றே லேசு. சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் அடர்த்தி கடல்மட்டத்தைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு. அங்கே 15 நாட் காற்று, பாய்க்குச் சென்னையின் 14 நாட் மாதிரிதான் தெரியும்.

ஆனால் ரேடியோ ரிமோட் பாய்ப்படகுக்கு அந்த மாதிரிச் சின்ன நீர்நிலை அருமையானது. வேடிக்கை என்னவென்றால் நம் கேள்வி அங்கேயும் அப்படியே இருக்கிறது. 65 சென்டிமீட்டர் நீளமுள்ள டிஎஃப்65 கண்டிப்பான ஒன்-டிசைன், பெட்டியில் வாங்கிக் கோத்தால் ஓடும். இன்டர்நேஷனல் ஒன் மீட்டர் வகுப்பில் நீளமும் குறைந்தபட்சம் 4 கிலோ எடையும் பாய் அளவுகளும் கட்டுப்பட்டவை, ஹல் வடிவம் உங்கள் விருப்பம். மலைவாசிகள் நாலு பேர் சேர்ந்தால், ஏரி நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டு, கூட்டம் வருவதற்கு முன் அதிகாலையில் இதை ஆரம்பிக்கலாம். காற்றின் திருப்பத்தைக் கண்ணால் படிக்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

அண்ணா, நான் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். எனக்கு ஓட்டுவதைவிடக் கட்டுவதில்தான் ஆசை. எனக்கும் ஐஎல்சிஏதானா?

உங்களுக்கு இல்லை தம்பி. வெல்டிங்கும் எஃப்ஆர்பி என்கிற கண்ணாடியிழை வேலையும் தெரிந்தவரிடம் ஒரு கயிற்றைக்கூட மாற்றக் கூடாத படகைக் கொடுத்தால் அது தண்டனை. ஆனால் முதல் படகாகப் புது வடிவம் கட்டாதீர்கள். பிளைவுட்டில் கையால் கட்டும் ஒன்-டிசைன் ஒன்றின் பிளானை முறையாக வாங்கிக் கட்டுங்கள். 1960-களின் தொடக்கத்தில் ஜாக் ஹோல்ட்டும் பேரி பக்னெல்லும் கொண்டுவந்த மிரர் டிங்கி அப்படி வந்ததுதான்: பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டில் கண்ணாடியிழை நாடாவையும் ரெசினையும் போட்டு ஒட்டுவது. வீட்டுக் கொட்டகையில் கட்டியவர்கள் ஆயிரக்கணக்கில்.

பிளைவுட் வாங்கும்போது ஐஎஸ் 710 முத்திரை பாருங்கள். மாடுலர் கிச்சனுக்கென்று கடையில் இருக்கும் அதே மரைன் பிளைதான். ஆனால் தடிமன் குறைந்த ஷீட்டைச் சொல்லித்தான் வாங்க வேண்டியிருக்கும், ஒவ்வொரு ஷீட்டையும் எடை போட்டுப் பாருங்கள், ஒன்றுக்கொன்று வித்தியாசப்படும். ஒட்டுவதற்கான எபாக்ஸி ரெசினை நம்மூர் வெயிலில் கலப்பது தனிப் பாடம். பத்து டிகிரி சூடு ஏறினால் இறுகும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். டப்பாவில் 25 டிகிரிக்கு அரை மணி என்று போட்டிருந்தால், சித்திரை மதியத்தில் உங்களுக்குக் கால் மணிகூடக் கிடைக்காது. கப்பிலேயே புகைந்து கல்லாகிவிடும். விடியற்காலையில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அகலத் தட்டில் ஊற்றிப் பரப்பி வேலை செய்யுங்கள்.

அந்தப் படகை ஒரு வருஷம் ஓட்டிய பிறகு உங்கள் வடிவத்தை வரையுங்கள். உங்களைப் போல இன்னும் இரண்டு பட்டறைக்காரர்கள் கிடைத்தால், நீளம், அகலம், பாய்ப் பரப்பு, குறைந்தபட்ச எடை என்று நாலு வரியில் விதி எழுதி உங்களுக்குள்ளேயே ஒரு வகுப்பு தொடங்கலாம். குறைந்தபட்ச எடையை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் லேசான கார்பன் இழைக்குச் செலவு செய்கிறவர் ஜெயிப்பார், மற்றவர்கள் இரண்டாம் வருஷம் வர மாட்டார்கள்.

என் மகளுக்குப் பத்து வயது. எதில் ஆரம்பிக்கலாம்?

ஆப்டிமிஸ்ட். வேறு யோசனையே வேண்டாம்மா. 1947-இல் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் பிள்ளைகளுக்காக வரைந்தது, 2.3 மீட்டர் நீளம், ஹல் 35 கிலோ. பதினைந்து வயது ஆகிற ஆண்டு வரை ரேஸ் ஓடலாம். படகு வாங்காதீர்கள், கோடை விடுமுறையில் சென்னைப் பயிற்சிக்கு அனுப்பிப் பாருங்கள். அதற்கு முன் நீச்சல்.

நான் 92 கிலோ. ஒன்-டிசைன் எனக்கு அநியாயம் இல்லையா?

கொஞ்சம் அநியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஒரே படகு என்றால் அதற்குப் பொருந்துகிற உடம்பும் ஒரு அளவுக்குள் வந்துவிடுகிறது. 7.06 சதுர மீட்டர் பாயுள்ள ஐஎல்சிஏ 7-க்கு 80 கிலோ பக்கம் இருப்பவர்கள் தோது. அதே ஹல்லில் கீழ் மாஸ்ட்டையும் பாயையும் மாற்றினால் 5.76 சதுர மீட்டரில் ஐஎல்சிஏ 6, 4.7-இல் ஐஎல்சிஏ 4. வீட்டில் அப்பா, அம்மா, பிள்ளை மூவருக்கும் ஒரே ஹல் போதும் என்பது இதன் பெரிய சௌகரியம், ஆனால் மேலே உங்களுக்கு இடம் வைக்கவில்லை. காற்று பலமான நாளில் 92 கிலோ உங்களுக்குச் சொத்து; மெல்லிய காற்றில் பின்தங்குவீர்கள். டெவலப்மென்ட் வகுப்பில் உங்கள் எடைக்கே ஹல்லை வரைந்துகொள்ளலாம் என்பது உண்மையான லாபம்.

ஒன்-டிசைன் என்றால் எல்லாப் படகும் நிஜமாகவே ஒன்றுதானா? பழையது வாங்கினால் தோற்பேனா?

புதிதில் ஒன்று. வயதானால் இல்லை. பாய் இழுபட்டுத் தொய்யும், ஹல் தண்ணீர் குடித்துக் கனக்கும், தரை மெத்தென்று ஆகும். பெரிய போட்டிக்கு முன் புதுப்பாய் வாங்குகிறவர்கள் ஒன்-டிசைனிலும் உண்டு. ஆனால் அந்தச் செலவுக்கு ஒரு கூரை இருக்கிறது. புது மோத் ஒன்றின் விலையில் புது ஐஎல்சிஏ பல வாங்கலாம், அந்த மோத்தும் சில வருஷத்தில் பழைய வடிவமாகிவிடும்.

பழைய ஐஎல்சிஏ வாங்கப் போனால் முதலில் மாஸ்ட் சொருகும் குழியைத் தண்ணீரால் நிரப்பி, மட்டத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் அடியில் கசிவு. பாரம் முழுவதும் இறங்குகிற இடம் அது, காற்றில் ஒருநாள் மாஸ்ட் டெக்கைக் கிழித்துக்கொண்டு சாயும். பிறகு பின்பக்கத் தக்கையைக் கழற்றி ஹல்லைச் சாய்த்துப் பாருங்கள், தண்ணீர் வருகிறதா என்று. காய்ந்த ஹல் 59 கிலோ இருக்க வேண்டும். மாம்பழ மண்டித் தராசில் ஏற்றினால் தெரிந்துவிடும். 65-க்கு மேல் காட்டினால், உள்ளே நுரை ஊறியிருக்கிறது என்று அர்த்தம். பயிற்சிக்கு ஓட்டலாம், விலையைப் பாதியாகக் கேளுங்கள். சென்டர்போர்ட் குழியின் ஓரங்களைப் பெருவிரலால் அழுத்துங்கள், மேல் மாஸ்ட் வளைந்திருக்கிறதா என்று தரையில் உருட்டிப் பாருங்கள்.

எங்களிடம் ஆளுக்கொரு வகைப் படகு இருக்கிறது. சேர்ந்து ஓட வழி உண்டா?

உண்டு. போர்ட்ஸ்மவுத் யார்ட்ஸ்டிக் என்று பிரிட்டனில் பயன்படுத்தும் முறை. ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண். மெதுவான படகுக்கு எண் பெரிது. எடுத்துக்கொண்ட நேரத்தை 1000-ஆல் பெருக்கி அந்த எண்ணால் வகுக்க வேண்டும். எண் 1100 உள்ள படகு 55 நிமிடத்தில் வந்தால் கணக்கில் 50. எண் 1000 உள்ளது 51 நிமிடத்தில் வந்தால் 51. பின்னால் வந்தவர் ஜெயித்தார். வார இறுதிச் சந்திப்புக்கு இது போதும். ஆனால் பாதி ரேஸில் காற்று விழுந்தால் கணக்கு யாருக்கோ அநியாயம் செய்யும். கரைக்கு வந்து கால்குலேட்டர் தட்டித்தான் யார் ஜெயித்தது என்று தெரியும் என்பது எனக்கு எப்போதும் ஒரு குறை.

ஒன்-டிசைனில் ஆரம்பித்தவர் எப்போது டெவலப்மென்டுக்குப் போகலாம்?

தோற்ற ரேஸைச் சரியாக விளக்க முடிகிறபோது. “ஸ்டார்ட்டில் இடதுபக்கம் நின்றேன், காற்று வலதுபக்கம் திரும்பியது, இரண்டாவது மிதவையில் உள்வட்டம் விட்டுக்கொடுத்தேன்” என்று நீங்களே வரிசையாகச் சொல்ல ஆரம்பித்து, பக்கத்தில் ஓடியவரும் ஆமாம் என்று தலையாட்டினால் நேரம் வந்துவிட்டது. அதற்கு முன் போனால் ஒவ்வொரு தோல்விக்கும் படகைத்தான் குற்றம் சொல்லத் தோன்றும், அடுத்த வாரம் ஓட்டாமல் உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள். நேரம் வந்த பிறகும் உங்கள் ஐஎல்சிஏவை விற்காதீர்கள். புதுப்படகில் எதையாவது மாற்றிய பிறகு குழம்பினால், பழையதில் இரண்டு ரேஸ் ஓடிவிட்டு வந்தால் கை எங்கே தவறியது, படகு எங்கே தவறியது என்று பிரித்துப் பார்க்க முடியும்.